மெரினாவில் ஓடினால் வலது கால் மட்டும் ஏன் வலிக்கிறது?

கேள்வி: எனக்கு வயது 43. இரண்டு மாதமாகத் தினமும் காலையில் மெரினாவில் உழைப்பாளர் சிலையிலிருந்து கலங்கரை விளக்கம் வரை அலையோர ஈர மணலில் ஓடுகிறேன். வெயில் ஏறிவிடுவதால் திரும்புவது ஆட்டோவில். வலது முழங்காலுக்குக் கீழே, எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது. ஷூ கடையில் மெஷினில் ஏற்றி நிறுத்திப் பார்த்துவிட்டு, "தட்டைப் பாதம், 14,000 ரூபாய் ஷூதான் சரிவரும்" என்கிறார்கள். வாங்கலாமா?

பிசியோதெரபிஸ்ட் பதில்: வேண்டாம். முதலில் நீங்கள் ஓடும் தரையைப் பாருங்கள். தெற்கே போகும்போது கடல் உங்களுக்கு இடப்பக்கம். ஈர மணல் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். இடது கால் பள்ளத்தில் விழும், வலது கால் மேட்டில். மேட்டுக் கால் ஒவ்வோர் அடிக்கும் உள்பக்கமாகச் சாயும்; எலும்பின் உள்விளிம்பு இழுபட்டுக்கொண்டே இருக்கும். அதே மணலில் திரும்பி ஓடியிருந்தாலாவது இடது கால் பங்கு போட்டிருக்கும். ஆட்டோ அதையும் கெடுத்துவிட்டது!

அந்த மெஷின், நீங்கள் சும்மா நிற்கும்போது பாதம் எங்கே அழுந்துகிறது என்று கலர் கலராகக் காட்டும். ஓடும்போது என்ன ஆகிறது என்று அதற்குத் தெரியாது. தட்டைப் பாதத்தோடு மாரத்தான் முடித்தவர்கள் ஏராளம்.

அடுத்து யாராவது ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள். சீட்டிலேயே சென்டர் பெயரும் இருந்தால், ஏன் அங்கேயே என்று கேளுங்கள். கமிஷனுக்காக எடுத்த படங்களைப் பை நிறையச் சுமந்து வருபவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

ஆனால் ஒரு நிலையில் மட்டும் ஸ்கேன் வேண்டும். வலிக்கும் எலும்பை ஆள்காட்டி விரலால் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வாருங்கள். நாலு விரற்கடைக்கு மேல் வலி பரவியிருந்தால் பெரிதாகப் பயமில்லை. ஒரு ரூபாய் நாணய அளவு இடத்தில் மட்டும் சுரீர் என்றாலோ, இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தாலோ, எலும்பில் மயிரிழை விரிசல் இருக்கலாம். அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் போங்கள். எக்ஸ்ரே நார்மல் என்றதும் மறுநாளே ஷூவை மாட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த விரிசல் பெரும்பாலும் எக்ஸ்ரேயில் தெரியாது. அப்போது எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னால் தட்டாதீர்கள்.

சாதாரண வலிதான் என்றால் மூன்று வாரம் தூரத்தைப் பாதியாக்குங்கள். கடற்கரை உட்சாலையில் சமமான தார்த் தரையாகப் பார்த்து ஓடுங்கள். அதுவும் விடியும்போதே, அப்புறம் வண்டிகள் வந்துவிடும். நடைபாதையில் ஓடலாமென்றால் பெயர்ந்த கல்லைத் தாண்டத் தனி வித்தை வேண்டும். இவ்வளவு நீளக் கடற்கரை என்று பெருமை பேசுகிறோம், ஓட ஒரு பாதை போட மனமில்லை.

உலர்ந்த மணல் மெத்தென்று இருக்கிறதே என்று அதில் இறங்காதீர்கள். ஒன்றரை மடங்கு சக்தியை உறிஞ்சும்; கெண்டைக்காலும் குதிகாலும் சேர்ந்து வலிக்கும்.

வலி போன பிறகும் ஈர மணல் ஆசை விடவில்லையா? ஏறக்குறைய பாதி வழியில், விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே வந்ததும் திரும்பி, அதே மணலில் ஓடியே வாருங்கள்.