ஜூலைக் கடைசியில் பனிப்பாறை தெரியுமா?
ஜூலைக் கடைசியில் பெற்றோருடன் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவிலுள்ள செயின்ட் ஜான்ஸ் நகருக்குப் போனால் கடலில் மிதந்து வரும் பனிப்பாறை பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடிந்தால் தேதியை மாற்றுங்கள். கிரீன்லாந்தில் உடைந்த பனிப்பாறைகளை லாப்ரடார் நீரோட்டம் நியூஃபவுண்ட்லாந்துக்குக் கொண்டுவர இரண்டு மூன்று ஆண்டுகள்கூட ஆகும். கரையோரம் அவை அதிகம் தென்படுவது மே, ஜூனில்தான். நீங்கள் போகும்போது பெரும்பாலும் கரைந்திருக்கும்.

ஜூன் தொடக்கத்தில் விடுப்பு கிடைத்தால் அதே தீவில் வடக்கே உள்ள ட்வில்லிங்கேட் ஊருக்குப் போங்கள். கலங்கரை விளக்க மேட்டிலிருந்தே கடல் நன்றாகத் தெரியும். முழங்கால் வலியுள்ள அம்மாவைப் படகில் ஏற்ற வேண்டாம். உத்தரவாதம் மட்டும் யாரும் தர முடியாது: செயின்ட் ஜான்ஸுக்குச் சற்று வடக்கே உள்ள 48ஆவது அட்சரேகையைத் தாண்டித் தெற்கே வந்த பனிப்பாறைகள் 2017இல் ஆயிரத்துக்கும் மேல், 2021இல் ஒன்றே ஒன்று! நீங்கள் படகில் போனால், பனிப்பாறைக்கு அருகே போகச் சொல்லி ஓட்டுநரை வற்புறுத்தாதீர்கள். அது திடீரென்று புரளும்.