கிரீன் கார்டோடு மெடிகேர் வந்துவிடாது

கேள்வி: என் கணவருக்கு 68 வயது, எனக்கு 66. மகன் நியூ ஜெர்சி எடிசனில் 18 வருடமாக வேலை பார்க்கிறான். அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, எங்களுக்கும் கிரீன் கார்டுக்கு மனுப் போட்டான். விசா வந்துவிட்டது, ஆடி கழிந்ததும் கிளம்புகிறோம். 65 தாண்டியவர்களுக்கு அங்கே அரசாங்கமே மெடிகேர் என்ற மருத்துவக் காப்பீட்டைக் கொடுக்கும் என்கிறார்கள். கணவருக்குச் சர்க்கரை, இரண்டு ஸ்டென்ட் வேறு. போனவுடன் மனுக் கொடுத்தால் போதுமா?
— ஒரு வாசகி, திருச்சி

பதில்: போதாதும்மா. கிரீன் கார்டுக்காரர்கள் அமெரிக்காவில் தொடர்ந்து ஐந்து வருடம் வசித்த பிறகுதான் மெடிகேரில் சேர முடியும். நீங்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே கேட்டது பெரிய விஷயம். நியூ ஜெர்சியில் மருத்துவமனை பில்லிங் பிரிவில் பல காலம் இருந்தவள் நான். பெற்றோரை ஐ.சி.யூ.வில் சேர்த்துவிட்டு, பயணக் காப்பீட்டு அட்டையை நீட்டும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். பழைய இருதய நோய்க்கு அதில் பணம் வராது என்று சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. உங்கள் மகனுக்கு அந்த நிலை வரக் கூடாது.

"எங்கள் பையன் இத்தனை வருடம் வரி கட்டியிருக்கிறானே" என்று எல்லாப் பெற்றோரும் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பிள்ளை கட்டிய வரி பெற்றோர் கணக்கில் சேராது. மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பகுதியான பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்க, நீங்களோ உங்கள் கணவரோ அங்கே வேலை பார்த்து 40 கிரெடிட் சேர்த்திருக்க வேண்டும். வருடத்துக்கு நான்குதான் சேரும். ஆக, பத்து வருட உழைப்பு. ஊரில் பார்த்த வேலையையும் கட்டிய பி.எஃப்.பையும் காட்ட வழியில்லை, ஏனென்றால் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் கிடையாது.

சரி, ஐந்து வருடம் முடிந்தபின்? காசு கொடுத்து வாங்கலாம். 2026 கணக்குப்படி பார்ட் ஏ மாதம் 565 டாலர், டாக்டர் செலவுக்கான பார்ட் பி 202.90 டாலர். இது ஒருவருக்கு மட்டும். இரண்டு பேருக்கும் சேர்த்தால் மாதம் 1,500 டாலரைத் தாண்டும். அதற்கு மேலும் பார்ட் பி-யில் வருடத்தின் முதல் 283 டாலர் உங்கள் கைக்காசு, பிறகு வரும் பில்லிலும் பொதுவாக 20 சதவீதம் உங்களுடையது. மகனிடம் இந்தத் தொகைகளை இப்போதே சொல்லிவிடுங்கள். நம் வீடுகளில் பணப் பேச்சைப் பிள்ளைகளிடம் தள்ளிப்போடுவோம், இதில் அது வேண்டாம்.

அதுவரைக்கும் என்ன வழி என்பதுதான் உங்களுக்கு அவசரம். நியூ ஜெர்சி அரசு நடத்தும் 'கெட் கவர்டு என்.ஜே.' என்ற காப்பீட்டுச் சந்தையில் தனியார் காப்பீடு வாங்கலாம். பார்ட் ஏ இலவசமாகக் கிடைக்காதவர்கள் 65 தாண்டியிருந்தாலும் சேரலாம். சர்க்கரை, ஸ்டென்ட் என்று காரணம் காட்டி மறுக்கவோ விலையைக் கூட்டவோ சட்டம் விடாது, வயதுக்காகக் கூடும். போய் இறங்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் சேர்ந்துவிடுங்கள். தவறினால் வருடாந்தரச் சேர்க்கைக் காலம் வரை காத்திருக்க நேரிடும். காப்பீடு பெரும்பாலும் சேர்ந்த மறுமாதம் முதல் தேதிதான் தொடங்கும், அந்த இடைவெளிக்கு மட்டும் பயணக் காப்பீடு எடுத்துக்கொள்ளுங்கள். பிரீமியத்தில் சலுகை உண்டா என்பது வருமானத்தைப் பொறுத்தது. மகன் வரிக் கணக்கில் உங்களைச் சார்ந்தோராகக் காட்டினால் அவர் வருமானத்தைத்தான் பார்ப்பார்கள். அதனால் வரிக் கணக்குப் பார்ப்பவரிடம் முதலில் பேசச் சொல்லுங்கள்.

கண்புரை, பல் போன்றவற்றைத் திருச்சியிலேயே முடித்துக்கொண்டு போங்கள். ஊரில் இருக்கும் காப்பீட்டை ரத்து செய்யாதீர்கள். ஊருக்கு வந்தால் ஆறு மாதத்துக்குள் திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் தங்கினால் அந்த ஐந்து வருடத் தொடர்ச்சியே கேள்விக்குள்ளாகும்.

ஐந்து வருடம் முடியும் மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள். அதற்கு மூன்று மாதம் முன், அந்த மாதம், மூன்று மாதம் பின் என ஏழு மாதம்தான் முதல் சேர்க்கைக் காலம். விட்டுவிட்டுப் பிறகு பார்ட் பி-யில் சேர்ந்தால், தாமதித்த ஒவ்வொரு முழு வருடத்துக்கும் 10 சதவீதம் கூடுதல் பிரீமியம், ஆயுளுக்கும். ஒவ்வொரு மாநிலத்திலும் 'ஷிப்' என்ற இலவச மெடிகேர் ஆலோசனை உண்டு. அங்கே எதையும் விற்க மாட்டார்கள், தைரியமாகப் போகலாம். மெடிகேரின் 1-800-633-4227 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: டெக்சாஸில் இருக்கும் என் மாமியாருக்கு மெடிகேர் இருக்கிறது. ஒரு வருடம் எங்களோடு தங்க வருகிறார். அது இங்கே செல்லுமா? இல்லையென்றால் நிறுத்திவிடலாமா?
— ஒரு வாசகி, கோவை

பதில்: செல்லாது. இங்கே வாங்கும் மாத்திரைக்கும் பணம் வராது. அவரிடம் மெடிகேப் என்ற துணைக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜி (G), என் (N) போன்ற சில பிளான்களில் வெளிநாடு போன முதல் 60 நாளில் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் போக 80 சதவீதம் கிடைக்கும். ஆயுளுக்கு 50,000 டாலர் உச்சவரம்பு. மீதி மாதங்களுக்கு இங்கே தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். ஆனால் பார்ட் பி-யை நிறுத்த வேண்டாம். திரும்பிப் போகிறவர் என்றால், மேலே சொன்ன 10 சதவீத அபராதம் அவருக்கும் வரலாம்.