மழைக்கு மழை நின்றுபோகும் ஃபைபர்: பிளானை மாற்றாதீர்கள்

நண்பரே, கோத்தகிரியில் மழை பிடித்தாலே ஃபைபர் இன்டர்நெட் நின்று, மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக மின்னுகிறது, பெரிய பிளானுக்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மாறாதீர்கள், காசுதான் வீண். பிளான் 499 ரூபாய் என்று போட்டிருந்தாலும் 18 சதவீத ஜிஎஸ்டியோடு 589 ஆகும். லைன் அதே லைன்தான். அந்தச் சிவப்பு விளக்குக்கு, ஒளி சிக்னலே வீடுவரை சரியாக வரவில்லை என்று அர்த்தம்.

எங்களுக்கும் இதே பாடுதான். கேபிளைத் தேயிலைத் தோட்டத்து சில்வர் ஓக்கில் கட்டியிருந்தார்கள். காற்றில் மரம் ஆடி ஆடி, கட்டுக்கம்பி இறுக்கிய இடத்தில் கேபிள் மடங்கி, உள்ளே ஒளி சரியாகப் போகாமல் இருந்தது. மேலுறையில் ஒரு கீறல்கூட இல்லை! கம்பத்துக்கு மாற்றிக் கட்டியதும், அடுத்த ஐப்பசி மழையில் ஒருநாளும் நிற்கவில்லை.

லைன்மேன் வந்தால், வீட்டுக்கு வரும் ஒளியின் அளவைப் பவர் மீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 20 டிபிஎம் (ஒளியின் பலத்தை அளக்கும் அலகு) பக்கம் இருந்தால் நல்லது, மைனஸ் 27க்குக் கீழே, அதாவது மைனஸ் 28, 29 என்று போனால் மோடம் தடுமாறும். அதைப் போட்டோ எடுத்துப் புகாரோடு அனுப்புங்கள்.