முதல் நாளே வாசிக்கட்டும்: பியானோ கேள்வி பதில்

கேள்வி: மகளுக்கு ஆறு வயது. முதல் வகுப்பை எதில் தொடங்குவது, நோட்டேஷனிலா (இசையை எழுதிப் படிக்கும் முறை), வெள்ளைக் கட்டைகளில் வரும் சி மேஜர் ஸ்கேலிலா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். கறுப்புக் கட்டைகளில் தொடங்குங்கள். மொத்தம் 88 கட்டைகளில் 36 கறுப்பு. இடக்கோடியில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும், மற்றவை எல்லாம் இரண்டாகவும் மூன்றாகவும் கூட்டம் கூட்டமாக இருக்கும். அந்த இரட்டை எங்கே, மூன்று எங்கே என்று அவளே தேடட்டும், கண்ணை மூடிக்கொண்டு தடவிப் பார்த்தும் சொல்லட்டும். அப்புறம் நீங்கள் அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து எஃப் ஷார்ப்பையும் (மூன்று கறுப்பில் இடக்கோடி) சி ஷார்ப்பையும் (இரட்டையில் இடப்பக்கம்) சேர்த்து நிதானமாக வாசித்துக்கொண்டே இருங்கள், மேலே கறுப்பில் அவள் எதைத் தொட்டாலும் காதை உறுத்தாது, ஏனென்றால் கறுப்பில் திரும்பத் திரும்ப வரும் அந்த ஐந்து ஸ்வரங்களுக்குள் செமிடோன், அதாவது ஒட்டியிருக்கும் இரண்டு கட்டைகளுக்கு இடையிலான மிகச் சிறிய இடைவெளி, கிடையாது. எஃப் ஷார்ப்பை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால் அது மோகன ராகம்தான்! குழந்தை பேசக் கற்ற பிறகுதானே அதற்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறோம்? நோட்டேஷனும் அப்படி வந்தால் போதும்.

கேள்வி: 61 கட்டை கீபோர்டு போதுமா?

பதில்: தொடங்கப் போதும். ஆனால் மெல்லத் தொட்டால் மெல்லவும், வேகமாகத் தொட்டால் உரக்கவும் ஒலிக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். பியானோஃபோர்ட்டே என்ற முழுப்பெயருக்கே இத்தாலிய மொழியில் மெல்ல, உரக்க என்றுதான் பொருள். அந்த வசதி இல்லாத கருவியில் விரல் சுவிட்ச் போடப் பழகிவிடும்.

கேள்வி: எனக்கு 42 வயது. விரல் இனிமேல் வளையுமா?

பதில்: வளையும். தினம் பத்து நிமிடம் உட்காருங்கள். மணிக்கட்டு வலித்தால் அந்த நொடியே நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: பழைய பியானோவில் சுருதி கலைந்துவிட்டது. நானே சரிசெய்யலாமா?

பதில்: உள்ளே சுமார் 230 கம்பிகள், அத்தனையும் பயங்கர இழுவிசையில் இருக்கின்றன. கை வைக்காதீர்கள். இது என் துறையும் இல்லை, டியூனரைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: கட்டைகள் மேல் சி, டி, ஈ என்று ஸ்டிக்கர் ஒட்டலாமா?

பதில்: வேண்டாம். இரட்டைக் கறுப்புக்கு நடுவில் இருப்பது டி, அதற்கு இடப்பக்கம் சி. இந்த ஒரு அடையாளம் பிடிபட்டால் மீதி தானாக வரும்.

இதற்கு ஒருவர் மறுப்பு: நானும் சொல்லிக்கொடுப்பவன்தான். ஸ்டிக்கர் இல்லை என்றால் சின்னப் பிள்ளைகள் மிரண்டு விட்டுவிடுகிறார்கள். நீங்கள் ரொம்பக் கறாராக இருக்கிறீர்கள்.

பதில்: மிரள்வது உண்மை, நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு மாணவிக்கு நானே எல்லாக் கட்டையிலும் ஒட்டிக்கொடுத்து ஒரு வருடம் அப்படியே விட்டேன். ஒரு நாள் ஸ்டிக்கர் இல்லாத பியானோ முன் உட்கார்ந்தவள், நன்றாகத் தெரிந்த பாட்டையே தொடங்க முடியாமல் அழுதுவிட்டாள். அவள் ஒரு வருடமும் எழுத்தைத்தான் படித்திருக்கிறாள், இடம் அவள் கையில் பதியவே இல்லை. அது என் தப்பு. வேண்டுமென்றால் கட்டை வரிசையின் நடுவில் வரும் நடு சியில் மட்டும் ஒன்று ஒட்டுங்கள், இரண்டு வாரத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

இன்னொருவர்: அப்படியென்றால் ஸரிகம என்று எழுதி ஒட்டினால்?

பதில்: அது இன்னும் சிக்கல். ஸ எந்தக் கட்டையிலும் வரலாம், ஒட்டிய காகிதம் நகராது. வாயால் ஸரிகம பாடட்டும், கட்டைக்கு ஆங்கில எழுத்தே பெயராக இருக்கட்டும். குழப்பம் வராது: ஒன்று ஸ்வரங்களுக்குள் உள்ள உறவு, மற்றது கட்டையின் முகவரி.

கேள்வி: எத்தனை மாதத்தில் பாட்டு வாசிக்கலாம்?

பதில்: இன்று இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். முதல் பதிலைப் படியுங்கள், முதல் நாளே வாசிக்கலாம்.

கேள்வி: இரண்டு கையும் சேரவே மாட்டேன் என்கிறது.

பதில்: பியானோவை விட்டு மேஜைக்கு வாருங்கள். இடது கை ஒன்றுக்கு ஒரு தட்டு, வலது கை அதற்குள் இரண்டு தட்டு, வாய்விட்டு எண்ணிக்கொண்டே. அது வந்த பிறகு கட்டையில் இடது கை ஒரே ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும், வலது கை மட்டும் நடக்கட்டும். சலிப்பு வரும் அளவுக்கு மெதுவாக. திரும்பவும் சொல்கிறேன், மணிக்கட்டு வலித்தால் நிறுத்துங்கள்.

கேள்வி: மகன் பயிற்சிக்கு உட்காரவே மாட்டான், தினமும் சண்டை.

பதில்: "வாசி" என்று சொல்வதை ஒரு வாரம் விட்டுவிடுங்கள். நீங்கள் போய் உட்கார்ந்து, "நேற்று படித்ததை எனக்குச் சொல்லிக்கொடுடா" என்று கேளுங்கள். உங்கள் விரல் தப்பான கட்டைக்குப் போகும், அவன் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பான்.