மெட்ரோ வந்தால் ஏரியாக்காரர்களின் உடம்பு தேறுமா?

"புதிதாக மெட்ரோ வந்த பகுதிகளில் மக்களின் ஆரோக்கியத்தில் ஏதாவது மாற்றம் தெரிகிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வடசென்னையில் காலடிப்பேட்டைக்காரன். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 9 கிலோமீட்டர் நீட்டித்தபோது எங்களுக்கும் ஒரு ஸ்டேஷன் கிடைத்தது. மாற்றம் தெரிகிறது. ஆனால் நான் நினைத்த இடத்தில் இல்லை.

அம்மாவுக்கு சுகர். மாதம் ஒரு முறை ஜி.எச். போக வேண்டும். முன்பெல்லாம் பஸ்தான். துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றால், எப்போது போய்ச் சேருவோம் என்று டிரைவருக்கே தெரியாது. சுகர்காரர்களுக்கு அடிக்கடி ஒண்ணுக்கு வரும், பஸ்ஸில் என்ன செய்வது? அதனால் முந்தின நாள் ராத்திரியிலிருந்தே அம்மா தண்ணீர் குடிக்க மாட்டார். எங்களிடம் சொன்னதும் இல்லை. ஒரு தடவை ஓ.பி. சீட்டு வரிசையில் தலை சுற்றி அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத்தான் விஷயம் தெரிந்தது.

இப்போது ஏறினால் அரை மணிக்குள் சென்ட்ரல், எதிரிலேயே ஜி.எச். நடுவில் அவசரம் என்றால் ஸ்டேஷனில் கழிப்பறை உண்டு. அம்மாவின் மஞ்சப்பையில் ஒரு தண்ணீர் பாட்டில் இடம்பிடித்துவிட்டது. இதை எந்த ஆய்வில் எந்தக் கட்டத்தில் போடுவார்கள் என்று தெரியவில்லை, எனக்கு முதல் மாற்றம் இதுதான்.

சரி, எல்லோரும் கேட்கிற எடை விஷயம். அமெரிக்காவின் சார்லட் நகரில் 2007 நவம்பரில் ஒரு இலகு ரயில் தடம் திறந்தார்கள். திறப்பதற்கு முன்பும் பின்பும் அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்களை ஆய்வு செய்தபோது, ரயிலில் வேலைக்குப் போக ஆரம்பித்தவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் பி.எம்.ஐ.) மற்றவர்களைவிட சராசரியாக 1.18 குறைந்திருந்தது. அஞ்சரை அடி உயரக்காரருக்கு ஏறக்குறைய 3 கிலோ. ஆனால் அப்படி மாறியவர்கள் கையளவு பேர்தான், ரொம்பவும் நம்பிவிடக் கூடாது. தவிர, ரயில் யாரையும் இளைக்க வைப்பதில்லை. ஸ்டேஷனுக்குப் போகிற நடைதான் இளைக்க வைக்கிறது.

எங்கள் ஏரியாவில் அந்த நடையில்தான் சிக்கல். வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்குப் பத்து நிமிட நடை. நடைபாதையில் பாதி தூரம் பைக், மீதி தூரம் டிரான்ஸ்ஃபார்மரும் இட்லிக் கடையும். மழை பெய்தால் அதுவும் போச்சு. அப்புறம் என்ன, ஷேர் ஆட்டோதான். கிண்டி வரை பைக்கில் போய்க்கொண்டிருந்த நான் மெட்ரோவுக்கு மாறியதில் இடுப்பு வலி விட்டது உண்மை. பெல்ட்டும் ஒரு ஓட்டை உள்ளே போனது. அது நடையாலா, சாயங்கால வடையை நிறுத்தியதாலா என்று வீட்டில் இன்னும் வாதம் நடக்கிறது.

காற்றைப் பற்றிச் சொல்வதானால் தைவான் தலைநகர் தைப்பே நல்ல உதாரணம். 1996 மார்ச்சில் அங்கே மெட்ரோ தொடங்கியதும் காற்றில் வண்டிப் புகையோடு வரும் கார்பன் மோனாக்சைடு 5 முதல் 15 சதவீதம் வரை குறைந்ததாக ஓர் ஆய்வு கணக்கிட்டது. நம்மைப் போலவே இரண்டு சக்கர வண்டிகள் மொய்க்கும் ஊர் அது. அதற்காக வழித்தடம் கட்டி முடிக்கிற வரை ஜனங்கள் சுவாசிக்கிற தூசியைக் கணக்கில் விட்டுவிட முடியாது. சென்னையில் இரண்டாம் கட்டமே 118.9 கிலோமீட்டர். பள்ளம் தோண்டிய தெருவில் வீசிங் உள்ள குழந்தை இருந்தால் பெற்றவர்களுக்கு அந்த வருஷங்கள் ரொம்ப நீளம்.

ஒன்று விட்டுப்போச்சு. அம்மா போகும்போதுதான் மெட்ரோ. வரும்போது இன்னமும் பிங்க் பஸ். பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லையே. "மாத்திரை வாங்கியாச்சு, இனிமே எவ்ளோ நேரமானா என்ன?" என்பார். திரும்பி வருகிற அந்த ஒன்றரை மணி நேரமும் பாட்டில் மூடியைத் திறக்க மாட்டார்.