பூட்டனும் யோவானும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் நாசரேத். பெங்களூரில் மென்பொருள் வேலை. தலைமுறைகளாகக் கிறிஸ்தவக் குடும்பம். அம்மா தினமும் நாலரை மணிக்கு எழுந்து வேதம் வாசிப்பவர். ஒரு வருடமாக இயேசுவின் வரலாறு பற்றிய வீடியோக்களை விடாமல் பார்க்கிறேன். இயேசுவின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு சுவிசேஷங்களும் ஒன்றோடொன்று மோதுகின்றன. மத்தேயுவில் இயேசு, யூதேயாவின் அரசன் ஏரோது உயிரோடு இருக்கும்போது பிறக்கிறார். ஏரோது இறந்தது கி.மு. 4இல். இயேசு பிறந்தபோது நடந்ததாக லூக்கா சொல்லும் குடிமதிப்பு, அதாவது சிரியாவின் ரோமானிய ஆளுநர் சிரேனியு எடுத்த மக்கள் கணக்கு, நடந்ததோ கி.பி. 6இல். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விட்டார்.

என் கேள்விகள்: இயேசு என்று ஒருவர் உண்மையில் இருந்தாரா? பன்னிரண்டு வயதிலிருந்து முப்பது வயது வரை அவர் இந்தியாவில் இருந்தார் என்கிறார்களே? அவர் ரோமை எதிர்த்த புரட்சியாளரா? இப்படி முரண்படும் நூல்களை வைத்துக்கொண்டு வரலாற்றாசிரியர்கள் எதைத்தான் உறுதியாகச் சொல்ல முடியும்?

அன்புடன்,
ஜெ.

அன்புள்ள ஜெ.,

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் பேசலாம். அம்மா தினமும் விடியுமுன் திறக்கும் புத்தகத்தில் பிழை இருக்கிறது என்று கிறிஸ்துமஸ் நாளில், அதுவும் அவரிடமே போய்ச் சொல்லத்தான் வேண்டுமா? உங்கள் தேதிக் கணக்கு சரிதான். ஆனால் அது உங்களுடைய கண்டுபிடிப்பு அல்ல, அந்த வீடியோக்காரருடையதும் அல்ல. டேவிட் ஸ்ட்ராஸ் என்ற ஜெர்மானிய இளைஞர் 1835இல், இருபத்தேழு வயதில், இதையெல்லாம் அடுக்கி ஒரு பெரிய புத்தகம் எழுதினார். பார்த்துக்கொண்டிருந்த வேலை போயிற்று. 1839இல் சூரிச்சில் பேராசிரியர் பதவி கொடுத்தார்கள். ஊரே திரண்டு எதிர்த்தது. அவர் வகுப்புக்குள் கால் வைப்பதற்கு முன்பே ஓய்வூதியம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நீங்கள் படுத்துக்கொண்டே செல்போனில் பார்த்த விஷயத்துக்கு அந்த மனிதர் வாழ்நாள் முழுக்கக் கொடுத்த விலை அது.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன். இயேசு இருந்தாரா? இருந்தார். ஆதி கிறிஸ்தவப் போதகர் பவுல் கி.பி. ஐம்பதுகளில் எழுதிய கலாத்தியர் நிருபம் என்ற கடிதத்தில், எருசலேமுக்குப் போய் இயேசுவின் சீடர் பேதுருவோடு பதினைந்து நாள் தங்கியதையும் ‘கர்த்தருடைய சகோதரனாகிய யாக்கோபை’ப் பார்த்ததையும் சொல்கிறார். பக்தியில் உருகிச் சொல்வதல்ல. சண்டைக்கு நடுவே எரிச்சலோடு சொல்வது. இல்லாத ஆளுக்குத் தம்பி இருக்க முடியாது. அந்த யாக்கோபு கல்லெறிந்து கொல்லப்பட்டதை யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸும் எழுதியிருக்கிறார். கிறிஸ்தவர்களைக் கண்டாலே ஆகாத ரோமானியர் டாசிட்டஸ், கி.பி. 116 வாக்கில், கிறிஸ்து என்பவனை ரோமானிய ஆளுநர் பிலாத்து கொன்றான் என்று போகிற போக்கில் எழுதிவைத்தார். இதற்கு மேல் என்ன வேண்டும்? அந்தக் காலத்து ஏழைத் தச்சர் ஒருவருக்கு இவ்வளவு சாட்சி கிடைத்ததே அதிகம்.

இந்தியா, காஷ்மீர்? இல்லை. நோட்டோவிச் என்ற ரஷ்யர் லடாக்கின் ஹெமிஸ் மடத்தில், இயேசு இந்தியாவுக்கு வந்ததைச் சொல்லும் ஏட்டைப் பார்த்ததாக 1894இல் புத்தகம் போட்டார். மறு வருடமே ஓர் ஆங்கிலேயப் பேராசிரியர் அங்கே போய் மடத்தலைவரிடம் விசாரித்தார். அப்படி ஓர் ஏடும் இல்லை, அப்படி ஒரு ஆளும் வரவில்லை என்றார் அவர். அதற்குப் பிறகும் நூற்று முப்பது வருடமாக இந்தக் கதை நடந்துகொண்டே இருக்கிறது. எனக்கு அலுத்துவிட்டது.

புரட்சியாளரா? 1906இல் இறையியலாளர் ஆல்பர்ட் ஷ்வைட்சர் தமக்கு முன் வந்த இயேசு வரலாறுகளையெல்லாம் உட்கார்ந்து வாசித்தார். ஒவ்வொருவரும் தன் முகத்தையே வரைந்து அதற்கு இயேசு என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கண்டார். நம்மூரிலும் தோழர் இயேசு உண்டு, யோகி இயேசு உண்டு, மேலாண்மை வகுப்பு எடுக்கும் இயேசுவும் வந்துவிட்டார். இதற்குத் தனியாக ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் போடுவேனா என்று தெரியாது.

உங்கள் நான்காவது கேள்விக்காகத்தான் இந்தப் பதிலே. வேறொரு காரணத்தால் மூன்று வாரமாக அதே கேள்வியோடுதான் நானும் உட்கார்ந்திருக்கிறேன்.

என் சித்தப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். குடும்ப விழாவுக்காக எங்கள் வம்ச வரலாற்றை நாற்பது பக்கத்தில் எழுதி, பிழை திருத்தச் சொல்லி எனக்கு அனுப்பியிருந்தார். அதில் நாயகன் என் பூட்டன். எலும்பு முறிவு வைத்தியத்தில் சுற்று வட்டாரத்தில் பெயர் பெற்றவர். அவர் காய்ச்சிய எண்ணெய்க்கு வண்டி கட்டிக்கொண்டு வருவார்களாம். அவருக்கு அந்த வைத்தியம் எப்படி வந்தது? இதற்கு எங்கள் குடும்பத்தில் நான்கு கதை இருக்கிறது.

முதல் கதை அத்தைப்பாட்டி சொன்னது. பூட்டனின் சொந்த மகள். நான் சின்னப் பையனாக இருந்தபோது வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்னார். “எங்கப்பா மூணு வருஷம் நாவிதர் வீட்டுத் திண்ணையிலதான் கெடந்தாரு. எண்ணெய்க்கு வெறகு வெட்டிப் போட்டுத்தான் கத்துக்கிட்டாரு.” அவ்வளவுதான். அந்தக் காலத்தில் பல ஊர்களில் நாவிதர்கள்தான் வைத்தியர்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இரண்டாவது, என் அப்பா சொன்னது. அதிலும் பூட்டன் நாவிதரிடம் போகிறார். ஆனால் நாவிதர் பதறிப்போய் எழுந்து, “நீங்க என்கிட்ட வரலாமா? நானில்ல உங்ககிட்ட கத்துக்கணும்” என்று கையெடுத்துக் கும்பிடுகிறார். பூட்டன் பெருந்தன்மையாக, “பரவாயில்லை, சொல்லு” என்கிறார்.

மூன்றாவது சித்தப்பாவின் நாற்பது பக்கம். “அக்காலத்தில் நம் ஊரில் வைத்தியம் அறிந்த நாவிதர் ஒருவர் வாழ்ந்து மறைந்தார்” என்று ஒரு வாக்கியம். அடுத்த பத்தியில், “நம் பூட்டனார் இளமையிலேயே வைத்தியம் கற்பிக்கப்பெற்றார்.” யாரால் கற்பிக்கப்பெற்றார்? இலக்கண ஆசிரியருக்குச் செயப்பாட்டு வினை எவ்வளவு கைகொடுக்கிறது பாருங்கள்.

நான்காவது, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன் போட்டது. பூட்டன் பொதிகை மலைக்குப் போகிறார், ஒரு சித்தர் எதிர்ப்படுகிறார், ஓலைச்சுவடியைக் கொடுத்து மறைந்துவிடுகிறார். நாவிதரே இல்லை. முப்பத்திரண்டு பேர் கைகூப்பியிருந்தார்கள்.

நான்கும் முரண்படுகின்றன, ஆகவே நான்கும் பொய் என்று சொல்வீர்களா, ஜெ.? நான் இந்த நான்கையும் வரிசையாகப் படித்த அன்றுதான் பூட்டன் நாவிதரின் சீடர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று. எங்கள் ஆட்களுக்கு அது சங்கடம். சங்கடமான ஒன்றை யாரும் வேலை மெனக்கெட்டுக் கற்பனை செய்ய மாட்டார்கள். நடந்திருக்கிறது, ஊருக்குத் தெரிந்திருக்கிறது, மறைக்க முடியவில்லை. அதனால்தான் ஆளுக்கு ஒரு விதமாகப் பூசி மெழுகுகிறார்கள்.

இப்போது உங்கள் அம்மாவின் வேதாகமத்தைத் திறங்கள். மாற்கு முதல் அதிகாரம். நான்கில் முதலில் எழுதப்பட்டது அதுதான், ஏறத்தாழ கி.பி. 70இல். யோவான் ஸ்நானகன் என்ற போதகர் யோர்தான் ஆற்றில் நின்று பாவமன்னிப்புக்காக ஞானஸ்நானம், அதாவது தண்ணீரில் முழுக்கு, கொடுக்கிறார். இயேசு நாசரேத்திலிருந்து வந்து அவரிடம் ஞானஸ்நானம் பெறுகிறார். விளக்கமோ மன்னிப்போ எதுவும் இல்லை. அத்தைப்பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டே சொன்ன மாதிரி.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து மத்தேயு எழுதும்போது மாற்கு அவர் கையில் இருக்கிறது, அதன் பெரும்பகுதியை அப்படியே எடுத்துக்கொள்கிறார். இந்த இடம் வந்ததும் கை நின்றுவிடுகிறது. பாவமே இல்லாதவர் பாவமன்னிப்பு ஸ்நானத்துக்கு ஏன் போனார்? பெரியவர் சிறியவரிடம் தலைகுனிவாரா? ஆகவே யோவான் தடுக்கிறார். நான் உம்மிடம் பெற வேண்டியிருக்க, “நீர் என்னிடத்தில் வரலாமா” என்கிறார். அப்பாவின் கதையை நான் ஜோடித்துச் சொல்கிறேன் என்று நினைக்கிறீர்களோ என்னவோ. இல்லை, அப்பாவுக்கு மத்தேயுவைத் தெரியாது. சங்கடப்படும் மனம் எங்கேயும் ஒரே மாதிரிதான் வேலை செய்யும் போலிருக்கிறது.

லூக்காவைப் பாருங்கள். மூன்றாம் அதிகாரம் 20ஆம் வசனத்தில் ஏரோது அந்திப்பா (நீங்கள் சொன்ன ஏரோதின் மகன்) யோவானைச் சிறையில் அடைத்துவிடுகிறான். 21ஆம் வசனத்தில் இயேசு ஞானஸ்நானம் பெறுகிறார். கொடுத்தது யார் என்று சொல்லவில்லை. என் சித்தப்பாவேதான். நான்காம் சுவிசேஷத்தில் ஞானஸ்நானமே காணோம். யோவான் ஸ்நானகன் நின்று, இவரே தேவ ஆட்டுக்குட்டி என்று சாட்சி மட்டும் சொல்கிறார். இவை தவிர, பைபிளில் சேராத ஒரு பழைய சுவிசேஷத்திலிருந்து பழங்காலக் கிறிஸ்தவ அறிஞர் ஜெரோம் எடுத்துக்காட்டும் துண்டு ஒன்று உண்டு. அதில் அம்மாவும் தம்பிகளும் “வா, யோவானிடம் ஞானஸ்நானம் பெறலாம்” என்று கூப்பிட, “நான் என்ன பாவம் செய்தேன், அவரிடம் போக?” என்று இயேசு கேட்கிறார்.

கூட்டிக் கழித்தால், சுவிசேஷக்காரர்கள் யாருக்குமே தேவைப்படாத ஒரு செய்தி கையில் நிற்கிறது: இயேசு யோவானிடம் போனார், முழுகினார், சில காலம் அவருடைய வட்டத்தில் ஒருவராக இருந்திருக்கக்கூடும். யோவான் நிஜமான ஆள் என்பதற்கும், ஏரோது அந்திப்பா அவரைக் கொன்றதற்கும் ஜோசிபஸ் தனிச் சாட்சி. இயேசுவின் வாழ்க்கையில் அநேகமாக எல்லா ஆய்வாளர்களும் ஒப்புக்கொள்ளும் நிகழ்ச்சிகள் இரண்டு: இந்த முழுக்கு, அப்புறம் சிலுவை. சிலுவையும் சங்கடம்தான். அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் ரோம் கொடுத்த தண்டனை அது. அதில் தொங்கிய ஒருவரை, கடவுள் அனுப்புவார் என்று அவர்கள் காத்திருந்த மீட்பரான மேசியா என்று யூதர்களிடம் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது.

நீங்கள் பெரிய ஓட்டை என்று காட்டிய பிறப்புக் கணக்குக்கும் இதையே போட்டுப் பாருங்கள். மத்தேயுவின்படி குடும்பம் பெத்லகேமில்தான் இருக்கிறது. ஏரோதுக்குப் பயந்து எகிப்துக்கு ஓடி, பிறகு நாசரேத்தில் குடியேறுகிறது. லூக்காவில் குடும்பம் நாசரேத்தில் இருக்கிறது, குடிமதிப்புக்காகப் பெத்லகேம் வருகிறது. இரண்டு வழியும் ஒட்டவே ஒட்டாது. ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே தலைவலி: மேசியா தாவீது ராஜாவின் ஊரான பெத்லகேமில் பிறந்திருக்க வேண்டும், இந்த மனிதரையோ எல்லோரும் நாசரேத்துக்காரர் என்றே அறிவார்கள். நாசரேத் அப்போது ஒரு குக்கிராமம். பழைய ஏற்பாட்டில் அந்தப் பேரே கிடையாது. “நாசரேத்திலிருந்து யாதொரு நன்மை உண்டாகக்கூடுமா” என்று நாத்தான்வேல் கேட்டதை உங்கள் ஊரில் பிறந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கதை கட்டுகிறவன் இப்படி ஓர் ஊரைப் பொறுக்கி எடுத்துவிட்டு அதைச் சமாளிக்க எகிப்துவரை போக மாட்டான். நீங்கள் அம்மாவிடம் குற்றமாகச் சொன்னீர்களே, அந்த முரண்தான் அவர் நாசரேத்துக்காரர் என்பதற்கே ஆதாரம்.

இதை மந்திரக்கோல் என்று எண்ணிவிடாதீர்கள். 1985இல் அமெரிக்காவில் அறிஞர்கள் கூடி, இயேசுவின் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சிவப்பு, இளஞ்சிவப்பு, சாம்பல், கறுப்பு மணிகளைப் போட்டு வாக்கெடுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் 18 சதவீதம்தான் தேறியது என்றார்கள். பள்ளிக்கூட ரிசல்ட் மாதிரி. எனக்கு அதில் மரியாதை இல்லை. இப்போது வரும் ஆய்வாளர்கள் சங்கடம் என்கிற அளவுகோலையே சந்தேகிக்கிறார்கள், அந்தச் சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. நமக்குச் சங்கடமாகத் தெரிவது மாற்குவுக்குச் சங்கடமாக இருந்ததா? அத்தைப்பாட்டிக்கு ஒரு கூச்சமும் இருக்கவில்லையே. கூச்சம் பின்னால் வந்தவர்களுக்கு. அளவுகோல் ஒரு திசையைக் காட்டும், அவ்வளவுதான். யோர்தானில் முழுகி எழுந்தபோது அந்த மனிதருக்குள் என்ன நடந்தது என்று எந்த மணியும் சொல்லாது.

பூட்டன் விஷயத்தில் எனக்கு உறுத்துவது வேறு. சுவிசேஷக்காரர்கள் அவ்வளவு நெளிந்தும் யோவானின் பெயரை விட்டுவிடவில்லை. எங்கள் வீட்டு நான்கு கதையிலும் அந்த நாவிதருக்குப் பெயர் கிடையாது. அத்தைப்பாட்டிக்குக் கட்டாயம் தெரிந்திருக்கும். அன்றைக்கு நான் கேட்கவில்லை. சுளுக்குக்கு எண்ணெய் தடவும்போது அத்தைப்பாட்டி முதல் சொட்டைத் தரையில் விடுவார். அப்பாவும் விடுவார். ஏன் என்று கேட்டால், “ஆசானுக்கு” என்பார். எந்த ஆசான் என்று அவர் யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. சித்தப்பாவின் பிரதியில் அந்தச் செயப்பாட்டு வினையைச் சிவப்பு மையில் சுழித்து, “யாரால்?” என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். பத்து நாளாகிறது, போனே எடுக்க மாட்டேன் என்கிறார். ஆக, கிறிஸ்துமஸில் நீங்கள் செய்த காரியத்தைத்தான் நானும் செய்து வைத்திருக்கிறேன்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது நாலரை மணிக்கு எழுந்து அம்மா பக்கத்தில் உட்காருங்கள். மாற்கு முதல் அதிகாரத்தையும் மத்தேயு மூன்றாம் அதிகாரத்தையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். யோவான் ஏன் தடுத்தார் என்று கேளுங்கள். இத்தனை வருடம் வாசித்தவர், அவருக்கு இதில் ஒரு பதில் இருக்கும். குறுக்கே பேசாமல் கேட்டு, அதை எனக்கு எழுதுங்கள். வீடியோ இணைப்பு எதுவும் வேண்டாம்.

அன்புடன்.