முதலில் வாய் வைத்தது யார்?

பழைய எலும்புகளோடு முப்பது வருடம் குப்பை கொட்டியவன் நான். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாம் கற்காலத்தில் வேட்டையாடி வாழ்ந்த மனிதர்களைப் பற்றியே இருக்கின்றன.

கேள்வி: கண்காட்சியில் ‘கற்கருவிகள்’ என்று வைத்திருந்தார்கள். எனக்கு வெறும் ஜல்லியாகத்தான் தெரிந்தது. மனிதன் உடைத்த கல்லையும் தானாக உடைந்த கல்லையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்?

ஜல்லி என்று சொன்னதில் எனக்கு வருத்தமில்லை. முதல் நாள் எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கல்லின் விளிம்பில் இன்னொரு கல்லால் ஓங்கித் தட்டினால் ஒரு செதில் பெயரும். அதன் உட்பக்கத்தில் விரலை ஓட்டிப் பாருங்கள். அடி விழுந்த இடத்துக்குக் கீழே சின்னதாக ஒரு வீக்கம் தட்டுப்படும்; அங்கிருந்து கிளிஞ்சலில் இருப்பது போல வரிகள் விரியும். வெள்ளத்தில் உருண்டு மோதிய கல்லிலும் இது எப்போதாவது வரும் என்பதால் ஒற்றைச் செதிலை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்வதில்லை. அதன் முதுகில் ஏற்கெனவே செதில் எடுத்த தழும்புகள் உண்டா, ஒரே பக்கமிருந்து தட்டியிருக்கிறார்களா, அதே கல்லின் மற்ற துண்டுகள் அருகில் கிடக்கின்றனவா என்று பார்ப்போம்.

துண்டுகள் கிடைத்துவிட்டால் அவற்றை மறுபடி ஒன்றோடொன்று பொருத்துவோம். பொறுமையைச் சோதிக்கும் வேலை, ஆனால் எனக்கு மிகப் பிடித்தது. இங்கிலாந்தின் பாக்ஸ்குரோவில் சுமார் 5 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு குதிரையைக் கூறுபோட்ட இடம் இருக்கிறது. அங்கே சிதறிக் கிடந்த செதில்களைப் பொருத்திக்கொண்டே போனால் நடுவில் ஒரு வெற்றிடம் மிஞ்சுகிறது. அந்த இடத்தில் இருந்தது, அந்தக் கல்லைச் செதுக்கிச் செய்த கைக்கோடரி. வேலை முடிந்ததும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்!

கேள்வி: குகையில் எலும்பு கிடந்தால் மனிதன் தின்றான் என்று எப்படிச் சொல்ல முடியும்? கழுதைப்புலி தின்றிருக்கக் கூடாதா?

தாராளமாகத் தின்றிருக்கலாம். இந்தச் சந்தேகம் வராமல் பெரிய அறிஞர்களே சறுக்கியிருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் மகபான்ஸ்காட் குகையில் குவிந்திருந்த எலும்புகளை ரேமண்ட் டார்ட் ஆராய்ந்தார். சில பாகங்கள் ஏராளம், சில பாகங்கள் மருந்துக்குக்கூட இல்லை. ஆதிமனிதர்கள் ஆயுதத்துக்காகப் பொறுக்கி எடுத்துச் சேர்த்தவை என்று முடிவு கட்டினார்.

பாப் பிரெயின் என்பவர் 1960-களில் நமீபியாவின் குய்செப் ஆற்றங்கரைக் குடியிருப்புகளுக்குப் போனார். அங்கே மக்கள் ஆட்டை அடித்துச் சாப்பிட்டு எலும்பை எறிவார்கள், அப்புறம் நாய்கள் கடிக்கும். மிஞ்சியதை அள்ளி எண்ணினார். முன்னங்காலின் மேல் எலும்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முழங்கைப் பக்கத்து முனை கெட்டியானது, குவியலாகக் கிடைத்தது. தோள் பக்கத்து முனை பஞ்சு போன்றது, தேடினாலும் இல்லை. குகையில் இருந்த கணக்கும் கிட்டத்தட்ட இதேதான். யாரும் எதையும் பொறுக்கிச் சேர்க்கவில்லை. மெல்ல முடிந்தது போய்விட்டது, மெல்ல முடியாதது தங்கிவிட்டது. ஆட்டெலும்பை எண்ணி ஒரு கொள்கையைச் சாய்த்த இந்த மனிதர் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதனால் எங்கள் முதல் கேள்வி எப்போதும் ‘யார் தின்றது’ என்பதுதான். கல் விளிம்பால் அறுத்த தடம் குறுகலாக, ஆங்கில ‘வி’ எழுத்து போல இருக்கும். லென்ஸில் பார்த்தால் உள்ளே மெல்லிய இணைகோடுகள் ஓடும். பல் தடம் அகலமானது, அடிப்பக்கம் வழுவழுப்பாக இருக்கும். மஜ்ஜைக்காகக் கல்லால் உடைத்திருந்தால் உடைந்த விளிம்பில் பிறை வடிவில் ஒரு பள்ளம் தெரியும். இரண்டு தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருந்தால் எங்களுக்கு அதிர்ஷ்டம்தான். பல் தடத்தைக் கல் தடம் வெட்டிப் போனால், மிருகம் தின்று மிச்சம் வைத்ததில்தான் மனிதர்கள் கை வைத்திருக்கிறார்கள்.

இதிலும் வழுக்கி விழலாம். மணல் தரையில் மாடு மிதித்தாலே எலும்பில் கீறல் விழும். எத்தியோப்பியாவின் டிகிகாவில் கிடைத்த, சுமார் 34 லட்சம் ஆண்டுப் பழமையான இரண்டு எலும்புகளில் வெட்டுத்தடம் இருப்பதாக 2010-இல் அறிவித்தார்கள். அது மிதிபட்ட கீறல் என்று மறுத்தவர்களும் உண்டு. என் கதை இன்னும் மோசம். முதல் வருடம் ஒரு விலா எலும்பில் அழகான வெட்டுத்தடத்தைக் கண்டுபிடித்துக் கூடாரம் முழுக்கக் காட்டித் திரிந்தேன். மூத்தவர் ஒருவர் வாங்கிப் பார்த்துவிட்டு, “எலும்பு பழுப்பு, கீறல் மட்டும் ஏன் தம்பி வெள்ளையாக இருக்கிறது?” என்று கேட்டார். அன்று காலை மண்ணைச் சுரண்டும்போது என் கரணை பட்ட இடம் அது.

கேள்வி: எந்த மாதத்தில் தங்கியிருந்தார்கள் என்றுகூடச் சொல்கிறார்களே, கொஞ்சம் அதிகமாகத் தெரியவில்லையா?

மாதம் என்பது சில சமயம் அதிகம்தான். பருவத்தைச் சொல்ல முடியும். மான் குட்டிகள் ஆண்டில் ஒரு குறிப்பிட்ட பருவத்தில்தான் பிறக்கின்றன. தாடையில் எந்தப் பல் முளைத்திருக்கிறது, எது இன்னும் ஈறுக்குள் இருக்கிறது என்று பார்த்தால் இறந்தபோது குட்டிக்கு எத்தனை மாதம் என்று தெரியும். மீதி வெறும் கூட்டல்.

ஆனால் எந்தப் பாகத்தை நம்புகிறோம் என்பதில் விஷயம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஸ்டார் கார் சுமார் 11,000 ஆண்டு பழைய ஏரிக்கரை இடம். 1949 முதல் 1951 வரை அங்கே தோண்டிய கிரஹாம் கிளார்க், ஆண்டுதோறும் உதிர்ந்து முளைக்கும் மான் கொம்புகளை வைத்துக் குளிர்காலத் தங்குமிடம் என்றார். கொம்பு ஈட்டிமுனை செய்யும் பொருள். எங்கிருந்தோ கொண்டுவந்து வைத்திருக்கலாம். பல்லை யார் சேமித்து வைப்பார்கள்? 1988-இல் வந்த ஆய்வு பற்களைப் பார்த்துவிட்டு வசந்தத்தின் கடைசியிலிருந்து கோடை வரை என்று கணக்கைத் திருப்பிப் போட்டது.

கேள்வி: அப்படியானால் அவர்கள் சாப்பிட்டது இறைச்சி மட்டும்தானா?

இல்லை. எலும்பு தங்கும், கிழங்கும் பழமும் மக்கிவிடும், அதனால் அப்படித் தோன்றுகிறது. இஸ்ரேலின் கலிலேயா ஏரிக்கரையில் ஓஹாலோ என்ற இடம் எரிந்து, அப்புறம் நீருக்குள் போனதால் கரிந்த விதைகள் தப்பின. 23,000 ஆண்டுகளுக்கு முன்பே காட்டு பார்லியும் காட்டுக் கோதுமையும் சேர்த்திருக்கிறார்கள்.

கேள்வி: என் பையன் ஓடையில் ஒரு கூர்மையான கல்லை எடுத்து வந்திருக்கிறான். உங்களுக்கு அனுப்பட்டுமா?

வேண்டாம். எடுத்த இடம் அவனுக்கு ஞாபகம் இருக்கும்போதே அழைத்துப்போய், மண் சரிவிலிருந்து வந்ததா, ஓடை மணலில் கிடந்ததா என்று கேட்டு எழுதிவையுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துக் கல்லின் இரு பக்கத்தையும் படம் எடுத்து, அந்தக் குறிப்போடு தொல்லியல் துறைக்குக் கொடுங்கள். கழுவ மட்டும் கழுவாதீர்கள். விளிம்பில் ஏதாவது ஒட்டியிருந்தால் அதுவும் எங்களுக்கு வேண்டும்.